கொடி மாறிய கடன்: உருவப்பட ஓவியர் ஜார்ஜ் சின்னரி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1825ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஜார்ஜ் சின்னரி என்னும் ஆங்கில உருவப்பட ஓவியர், தென்சீனக் கரையில் போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவ் நகரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 51. ஏறத்தாழ 23 ஆண்டுகள் மதராஸிலும் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்து, கிழக்கிந்தியக் கும்பெனி அரசின் பெரிய மனிதர்களுக்கு முகம் எழுதிக் கொடுத்துப் பெயரும் புகழும் பெற்றவர், கல்கத்தாவில் மனைவியையும் கடன் கொடுத்தவர்களையும் விட்டுவிட்டு வந்திருந்தார். அதன்பின் 1852இல் இறக்கும் வரை அவர் இந்தியாவுக்கும் திரும்பவில்லை, இங்கிலாந்துக்கும் திரும்பவில்லை.

இந்த வாழ்க்கை வழக்கமாக ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லத் தொடங்கியவரும் சின்னரியேதான். சீனக் கரையில் அவரோடு பழகிய அமெரிக்க வணிகர் வில்லியம் ஹன்டர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் அந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. இன்று குவாங்சௌ எனப்படும் சீனத் துறைமுக நகரான கான்டனில் வெளிநாட்டுப் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்று சீன அரசு விதித்திருந்ததால், மனைவி மக்காவ் வரைக்கும் தேடி வந்துவிட்டாலும் தாம் கான்டனுக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவர் மகிழ்ந்து பேசினாராம். மனைவிக்கும் கடனுக்கும் பயந்து ஓடிய ஊதாரி என்ற இந்தச் சித்திரத்தில் பொய் அதிகம் இல்லை. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. சம்பாத்தியம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே ஒருவருடைய கடன் எப்படி உச்சத்துக்குப் போனது? அதே மனிதர், ஆதாயம் அதைவிடக் குறைவான ஒரு சின்னஞ்சிறு துறைமுகத்தில் 27 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை அவருடைய குணத்தில் பாதியும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவப்படத் தொழில் நடந்த விதத்தில் பாதியுமாக இருக்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

லண்டனும் டப்ளினும்

சின்னரி 1774 ஜனவரி 5இல் லண்டனில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையும் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள். குர்னி முறைச் சுருக்கெழுத்து அந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சொத்துபோல் இருந்தது. பின்னாளில் இந்தச் சுருக்கெழுத்தே அவருடைய ஓவியங்களை அடையாளம் காண உதவியது என்பதால் இதை இங்கேயே குறித்து வைப்பது நல்லது. 1792இல் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். தந்தத் தகட்டின் மேல் நீர்வண்ணத்தால் எழுதும் சிற்றோவியங்களே தொடக்கத்தில் அவருக்குச் சோறு போட்டன.

1796இல் டப்ளினுக்குப் போனார். அங்கே குடியிருந்த வீட்டுக்காரரின் மகள் மரியானை 1799இல் மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். டப்ளினில் அவருக்கு மதிப்புக்குக் குறைவில்லை. ஆனால் 1801இல் அயர்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு லண்டனோடு இணைக்கப்பட்டபோது, உருவப்படம் எழுதச் சொல்லிப் பணம் கொடுக்கக்கூடிய பிரபுக்களின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகரை விட்டுப் போகத் தொடங்கின. சின்னரியும் போனார், மனைவியையும் இரண்டு கைக்குழந்தைகளையும் அங்கேயே விட்டுவிட்டு. சின்னரி குடும்பத்தை விட்டுப் போனது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1825இல் தொடங்குகிறார்கள். உண்மையில் அது 1802இலேயே தொடங்கிவிட்டது.

மதராஸ், 1802 முதல் 1807 வரை

கும்பெனியின் அனுமதி பெற்றுப் புறப்பட்ட அவர் 1802 டிசம்பரில் மதராஸ் வந்து சேர்ந்தார். அவருடைய சகோதரர் ஜான் ஏற்கெனவே இங்கே இருந்ததால் தங்க இடமும் அறிமுகங்களும் உடனே கிடைத்தன. மதராஸுக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தாம் மனிதர்களையும் மூட்டைகளையும் அலை கடந்து கரை சேர்த்தன. அந்தப் படகுகளையும், அலைகளில் ஏறி இறங்கும் கட்டுமரக்காரர்களையும், மணலில் உட்கார்ந்திருக்கும் கரையோர மக்களையும் சின்னரி பென்சிலாலும் பேனாவாலும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒருவரும் கேட்காத, ஒருவரும் காசு கொடுக்காத படங்கள் இவை. இந்தப் பழக்கம் ஐம்பது ஆண்டுகள் அவரை விட்டுப் போகவில்லை.

காசு கொடுத்தவர்கள் கோட்டையிலும் தோட்ட வீடுகளிலும் இருந்தார்கள். அவர்களுக்காக எழுதியவற்றுள் இன்றும் பேசப்படும் ஒன்று 1805இல் உருவானது. ஹைதராபாத்தில் ஆங்கிலேய ரெசிடென்டாக, அதாவது நிஜாம் அரசவையில் கும்பெனியின் பிரதிநிதியாக, இருந்த ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பாட்ரிக், நிஜாம் அரசவையோடு தொடர்புடைய உயர்குடிப் பெண்ணான கைருன்னிஸாவை மணந்து இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாகியிருந்தார். பிள்ளைகளை இங்கிலாந்தில் வளர்ப்பது என்று தந்தை முடிவு செய்து கப்பலேற்றுவதற்காக மதராஸுக்கு அனுப்பினார். மூத்தவனுக்கு வயது நான்கு, இளையவளுக்கு மூன்று. கப்பலேறுவதற்கு முன், தாய்க்கு நினைவாக இருக்கட்டும் என்று அவர்களைச் சின்னரி ஆளுயரத் தைலவண்ணத்தில் எழுதினார்.

படத்தில் இருவரும் ஹைதராபாத் அரசவை உடையில், படிகளின் மேல் நிற்கிறார்கள். சிறுவன் சிவப்புச் சரிகை அங்கியும் முத்து மாலைகளும் அணிந்து நேராகப் பார்க்கிறான். தங்கை ஒரு படி மேலே நின்று அண்ணனின் தோளில் கை போட்டிருக்கிறாள். பின்னால் கனத்த திரையும் தூணும் வைத்திருப்பது லண்டன் பாணியில் எந்தச் சீமான் வீட்டுப் படத்துக்கும் பொருந்தக்கூடிய ஏற்பாடு. உடையோ முழுக்க முழுக்கத் தக்காணத்தது. கப்பலேறிய கொஞ்ச நாளிலேயே அந்த உடையும், அவர்களுடைய பாரசீகப் பெயர்களும், தாய்மொழியும் கழற்றி வைக்கப்படவிருந்தன. ஓவியருக்கு இது தெரிந்திருக்கும். அவர் எழுதியவற்றில் இவ்வளவு அவசரமில்லாமல், பகட்டின் நடுவே இவ்வளவு அமைதியோடு முடிக்கப்பட்ட படம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தந்தை அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் இறந்தார். தாய் பிள்ளைகளை மறுபடி பார்க்காமலேயே 1813இல் இறந்தார். படம், கிர்க்பாட்ரிக்கின் உதவியாளராக இருந்து பின்னர் தாமே ரெசிடென்டான ஹென்றி ரஸ்ஸல் கைக்கு வந்து, அவரோடு இங்கிலாந்து போனது. நடுவயதில் ரஸ்ஸலின் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்ற அந்த இளையவள், இப்போது கிட்டி கிர்க்பாட்ரிக், அங்கே சுவரில் தன்னையும் தன் அண்ணனையும் கண்டு அழுதுவிட்டார். ரஸ்ஸல் தம் உயிலில் அந்தப் படத்தை அவருக்கே எழுதி வைத்தார். கூலிக்கு எழுதிய உருவப்படம் ஒன்று ஒரு குடும்பத்துக்குள் என்ன வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சின்னரியின் வரலாற்றில் இல்லை.

அந்த ரஸ்ஸலின் தந்தையான சர் ஹென்றி ரஸ்ஸல் வங்காளத் தலைமை நீதிபதி. அவருடைய உருவப்படத்தை எழுதுவதற்காகவே 1807இல் சின்னரி கல்கத்தாவுக்கு அழைக்கப்பட்டார். மதராஸ் வாசம் அதோடு முடிந்தது.

வங்காளத்தில் ஏறிய கடன்

தலைமை நீதிபதியின் படம் எழுதப்படுவதை அருகிலிருந்து பார்த்தவர், கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த வில்லியம் ஹிக்கி. சின்னரியின் திறமையை மெச்சிய அவரே, இவர் விசித்திரமான ஆள், சில சமயம் புத்தி பேதலித்தவரோ என்று ஐயுற வைப்பவர் என்றும் குறித்து வைத்தார். உடல்நலம் பற்றிய ஓயாத அச்சமும், உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் இடையே மாறிமாறி ஆடும் மனமும் அவருக்கு இருந்ததைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனினும் நண்பர்கள் அவரை விடவில்லை. டாக்காவில் கலெக்டராக இருந்த சர் சார்ல்ஸ் டாய்லி அவரைத் தம்மோடு தங்க வைத்துக்கொண்டு, ஓவியமும் கற்றுக்கொண்டார். ஒட்டகமும் யானையும் மறைத்து நிற்கும் பாழடைந்த மசூதிகளுக்குப் பதிலாக, கூரை வீடு, தோணித்துறை, மேயும் மாடு ஆகியவற்றை வரையும் கண் வங்காளத்துக் கிராமப்புறத்தில்தான் சின்னரிக்கு முழுமையாகத் திறந்தது.

1812 வாக்கில் அவர் கல்கத்தாவில் நிலைகொண்டார். அங்கே அவருக்கு மூத்தவராக இருந்த ராபர்ட் ஹோம் 1814இல் அவத் நவாபின் அரசவை ஓவியராக லக்னோவுக்குப் போய்விட்டதால், கல்கத்தாவில் சின்னரிக்கு நிகரான போட்டியாளர் எவரும் இல்லாமல் போனார். ஆளுநர் தலைவர்கள், நீதிபதிகள், படைத்தலைவர்கள், வணிகர்கள் என்று அனைவரும் அவர் முன்னே வந்து உட்கார்ந்தார்கள். டாய்லி எழுதிய அங்கதக் காவியம் ஒன்றில், கல்கத்தாவுக்குப் புதிதாக வந்த இளைஞன் ஓவியரின் பட்டறையில் தன் உருவத்தை எழுதக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் காட்சியே இடம்பெற்றிருக்கிறது. ஊரில் உள்ளவர்கள் தவறாமல் செய்யும் சடங்குகளில் ஒன்றாக அது ஆகிவிட்டிருந்தது என்று பொருள்.

இவ்வளவு வரவு இருந்தும் கடன் ஏறியது ஏன் என்பதற்கு, தொழில் நடந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உருவப்பட ஓவியர் முதல் அமர்விலேயே கூலியில் பாதியை வாங்கிக்கொள்வது இங்கிலாந்தில் வழக்கம். பாதிப் பணம் கைக்கு வந்ததும் செலவாகிவிடும். மீதிப் பாதி படம் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வரும். ஆகவே பணமுடை வரும்போதெல்லாம் பழைய படத்தை முடிப்பதைவிடப் புதிய படத்தைத் தொடங்குவதே ஓவியருக்கு எளிய வழியாகிவிடுகிறது. தொடங்கிய முகங்கள் பட்டறையில் குவிகின்றன; உடையும் கையும் பின்னணியும் எழுதப்படாமல் நிற்கின்றன. இது சின்னரியின் தனிக் குறையன்று. லண்டனில் அரசருக்கே ஓவியராக இருந்து, கலைக்கழகத் தலைவராகவும் உயர்ந்த சர் தாமஸ் லாரன்ஸ், வாழ்நாள் முழுக்கக் கடனிலேயே உழன்று, 1830இல் இறந்தபோது முடியாத படங்களைக் குவியலாக விட்டுச் சென்றார். இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஊதாரித்தனத்தின் கணக்கில் எழுதியவற்றில் ஒரு பகுதியைத் தொழிலின் கணக்குக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

கல்கத்தாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. கான்வாஸும் நல்ல வண்ணமும் கப்பலில் வர வேண்டும். நீதிபதியும் ஆளுநரும் வந்து உட்கார்ந்து போகக்கூடிய வீடு வேண்டும். அதற்கேற்ற பணியாள் கூட்டம் வேண்டும். வண்டியும் குதிரையும் வேண்டும். சீமானைப்போல் வாழாதவரிடம் சீமான்கள் வந்து உட்கார மாட்டார்கள். உட்காருபவர்களோ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை உட்காருபவர்கள். படம் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டால் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. புதிய முகங்களுக்கு ஆண்டுதோறும் வரும் கப்பல்களையே நம்ப வேண்டும். இடைப்பட்ட மாதங்களைக் கடத்த ஏஜென்சி நிறுவனங்கள் எனப்பட்ட வணிக நிறுவனங்களும் தனி மனிதர்களும் தாராளமாகக் கடன் கொடுத்தார்கள். 12 விழுக்காடு வரை வட்டி வாங்க அன்றைய சட்டமே இடம் கொடுத்தது. அந்த வட்டியில் வாங்கிய கடன், முடியாத படங்களின் மீதிக் கூலியைவிட வேகமாக வளரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மனிதரின் பொறுப்பையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. கல்கத்தாவில் மணவுறவுக்கு வெளியே அவருக்கு இரண்டு மகன்கள் பிறந்திருந்தனர். 16 ஆண்டுகள் கழித்து 1818இல் மனைவி மரியான் கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தார். மகளும் வந்து அங்கேயே மணமுடித்துக்கொண்டாள். பின்னால் வந்த மகன் ஜான் 1822இல் இறந்தான். அந்த இழப்புக்குப் பின் குடும்பத்தில் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. மரியானின் தரப்பு நமக்கு அவருடைய சொற்களில் கிடைக்காமல், கணவர் நண்பர்களிடம் அடித்த நகைச்சுவைகளாகவே கிடைக்கிறது என்பது இந்தக் கதையைச் சொல்பவர்கள் மறந்துவிடும் ஒன்று. டப்ளினில் கைவிடப்பட்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பாதி உலகத்தைக் கடந்து வந்து, மறுபடியும் கைவிடப்பட்டவர் அவர்.

கடன்காரர்கள் நெருக்கியபோது சின்னரி முதலில் போன இடம் செராம்பூர். ஹூக்ளி ஆற்றின் மேல் கல்கத்தாவிலிருந்து சில மணி நேரப் படகுப் பயணத் தொலைவில் இருந்த அந்த ஊர் டென்மார்க் நாட்டுக்குச் சொந்தமானது. கல்கத்தா நீதிமன்றத்தின் ஆணை அங்கே செல்லாது. கடன்பட்ட ஆங்கிலேயர்கள் அங்கே அடைக்கலம் புகுவது ஊரறிந்த வழக்கம். செராம்பூரிலிருந்து அடுத்து மக்காவ், அதாவது டேனிஷ் கொடியின் கீழிருந்து போர்த்துகீசியக் கொடியின் கீழ். அவருடைய மற்றொரு சகோதரரான வில்லியம், இங்கிலாந்துக் கருவூலத்தில் உயர் எழுத்தராக இருந்து பெருந்தொகையைக் கையாடியது 1812இல் வெளிப்பட, அவரும் சட்டத்துக்கு எட்டாமல் ஸ்வீடனுக்குப் போய்விட்டார். இன்னொரு நாட்டின் கொடியே கடனுக்கு மருந்து என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிய பாடம் அல்ல.

மக்காவும் கான்டனும்

வெளிநாட்டு வணிகர்கள் கான்டனில் வணிகக் காலத்தில் மட்டும், அதுவும் நகர மதிலுக்கு வெளியே ஆற்றோரமாக ஒதுக்கப்பட்ட கிட்டங்கி வரிசையில் மட்டும் தங்கலாம் என்பது அன்றைய ஏற்பாடு. கோடையில் அவர்கள் எல்லோரும் மக்காவுக்கு வந்துவிடுவார்கள். பெண்கள் ஆண்டு முழுவதும் மக்காவிலேயே இருக்க வேண்டும். சின்னரி சிரித்துப் பேசிய இந்த விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1830இல் ஹேரியட் லோ என்னும் அமெரிக்க இளம்பெண் தம் சித்தியோடு கான்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் வெளியேறாவிட்டால் வணிகத்தையே நிறுத்திவிடுவோம் என்று சீன அதிகாரிகள் எச்சரிக்க, இருவரும் திரும்ப வேண்டியதாயிற்று. அதே ஹேரியட் லோ மக்காவில் சின்னரியிடம் ஓவியம் கற்றவர். 1833இல் சின்னரி எழுதிய அவருடைய உருவப்படம் இன்று அமெரிக்காவில் சேலம் நகரின் பீபாடி எஸெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆசிரியரின் முகம் அழகில்லாதது, ஆயினும் கவரக்கூடியது என்ற பொருளில் அந்தப் பெண் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சின்னரி தம்மையே எழுதிக்கொண்ட படங்களைப் பார்ப்பவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்: தடித்த கீழுதடு, கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் கண்கள், எதையும் மறைக்காத முகம்.

புனித லாரன்ஸ் தேவாலயத்துக்கு அருகில் ஒரு வீட்டில் குடியிருந்து, விடியற்காலையில் எழுந்து கோட்டோவியம் எழுதப் போவது அவர் வழக்கம். மதுவைத் தொட மாட்டார். தேநீரும் மூக்குப்பொடியும்தாம் துணை. சாப்பாடோ அளவில்லாதது. கொடுக்க வேண்டியவர்கள் எட்டாத் தொலைவில் இருந்ததால், வருவது குறைவானாலும் அது வட்டிக்குப் போகவில்லை. சீமான்போல் வாழ வேண்டிய கட்டாயமும் இங்கே இல்லை. 27 ஆண்டு தாக்குப்பிடித்ததன் இரகசியம் இவ்வளவே என்று நினைக்கிறேன்.

வந்து உட்கார்ந்தவர்கள் மாறியிருந்தார்கள். கல்கத்தாவின் நீதிபதிகளுக்குப் பதில் இங்கே வணிகர்கள்: வில்லியம் ஜார்டின் போன்ற அபினி வணிகப் புள்ளிகள்; அவர்களோடு கணக்கு வைத்திருந்த சீன வணிகர் சங்கத்துத் தலைவரும், அக்காலத்தில் உலகின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவருமான ஹௌக்வா. அந்தப் பெரும் செல்வந்தரை மெலிந்த, களைத்த, எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் முதியவராக அவர் எழுதினார். பட்டுடையும் தூண்களும் விளக்கும் சுற்றிலும் இருந்தும் கண் அந்த முகத்தை விட்டு நகர்வதில்லை. உட்கார்ந்தவரைப் புகழ்வதற்காகவே எழுதப்படும் வகையில் இவ்வளவு உண்மையை நுழைப்பது சின்னரிக்கு எப்போதும் வாய்த்ததில்லை. ஜார்டின் போன்றவர்களை எழுதும்போது வாய்க்கவே இல்லை. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அப்படங்களில் ஒரு தடயமும் கிடையாது.

கிழக்கிந்தியக் கும்பெனியின் மருத்துவர் தாமஸ் காலெட்ஜ், 1827இல் மக்காவில் ஏழைச் சீனர்களுக்காகக் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1833இல் அவரைச் சின்னரி எழுதியபோது, தனி உருவமாக நிறுத்தாமல், பார்வை திரும்பப் பெற்ற மூதாட்டி, நன்றி எழுதிய சிவப்புத் தாளோடு மண்டியிடும் மகன், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரோடு சேர்த்து எழுதினார். சுவரில் மருத்துவமனையின் படமே மாட்டப்பட்டிருக்கிறது. ஓவியத்தின் நாயகர் மருத்துவர்தாம். ஆனால் சீன நோயாளி அங்கே அலங்காரப் பொருளாக நிற்கவில்லை, முகமுள்ள மனிதராக இருக்கிறார். இதுபோன்ற ஓவியத்தை எழுதும் கை, விடியற்காலை கோட்டோவியங்களில் பழகிய கை.

அந்தக் கோட்டோவியங்களில் வருபவர்கள் தெருவோர நாவிதர், கொல்லர், சூதாடும் கூலிகள், பன்றிகள், படகிலேயே குடியிருக்கும் தான்கா பெண்கள். 1835 ஜனவரியில் தீப்பிடித்து முகப்பு மட்டும் மிஞ்சிய புனித பால் தேவாலயம், எரிவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு அவருடைய வரைபடங்கள் சான்றாக நிற்கின்றன. தைல உருவப்படங்களில் அவருக்கு உடல் வராது; கைகள் சூம்பிப்போகும், கால்கள் குட்டையாகும். நிறம் சில சமயம் அளவுக்கு மீறிச் சிவக்கும். அதே கை, ஒரு விரற்கடை உயரத்தில் பேனாவால் கிறுக்கிய ஒரு சுமைதூக்கியின் முதுகில் எடை எங்கே இறங்குகிறது என்பதைத் தப்பாமல் காட்டும். காசுக்கு எழுதியதைவிடக் காசில்லாமல் எழுதியதே சின்னரியின் மேலான வேலை என்று நான் கருதுகிறேன். கிர்க்பாட்ரிக் பிள்ளைகளின் படமும் ஹௌக்வாவின் படமும் இதற்கு விலக்கு.

லாம்க்வா

தொழிலில் அவருக்கு எதிர்பாராத நெருக்கடி கடன்காரரிடமிருந்து வரவில்லை. கான்டனில் பட்டறை வைத்திருந்த குவான் சியாவ்சாங் என்பவரிடமிருந்து வந்தது. வெளிநாட்டார் அவரை லாம்க்வா என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் விரும்பும் பாணியில், இருண்ட பின்னணியும் முகத்தில் விழும் ஒளியுமாகத் தைலவண்ணத்தில் எழுதக் கற்றுக்கொண்டு, சின்னரியைவிட மிகக் குறைந்த கூலிக்கு அவர் படம் எழுதிக் கொடுத்தார். தாம் சின்னரியின் மாணவர் என்று அவர் சொல்ல, சின்னரி அதைக் கடைசிவரை மறுத்தார். முறையாகப் பாடம் கேட்டாரோ, பட்டறையில் வேலை பார்த்துக் கற்றாரோ, கற்றது எங்கே என்பதில் படங்களைப் பார்ப்பவருக்கு ஐயம் எழுவதில்லை.

சின்னரியின் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. உருவப்படத்துக்கு விலை இருப்பது கையின் அருமையால். அதே கைத்திறன் பக்கத்துத் தெருவில் மலிவாகக் கிடைத்தால், ஆண்டுக்கு ஒரு தடவை வந்து போகும் கப்பல் தலைவன் எதற்காக முதியவரிடம் வந்து நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்? 1835இல் லாம்க்வாவின் படம் லண்டன் அரச கலைக்கழகக் கண்காட்சியிலேயே இடம்பெற்றது. பின்னர் அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கர் கான்டனில் நடத்திய மருத்துவமனைக்கு வந்த, பெரிய கட்டிகளோடு அவதிப்பட்ட நோயாளிகளை லாம்க்வா படமாக எழுதினார். அவற்றுள் 80க்கும் மேற்பட்டவை யேல் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளன. நோயைத் தன் உடலில் சுமந்து, ஆனால் முகத்தில் கலக்கமில்லாமல் நம்மைப் பார்க்கும் அந்த ஏழைகளை உருவப்படக் கலையின் மரியாதையோடு எழுதியதில் லாம்க்வா தம் குருவை, அல்லது குரு என்று ஒப்புக்கொள்ள மறுத்தவரை, மிஞ்சிவிட்டார்.

கடைசி ஆண்டுகளும் படங்களின் பிற்கதையும்

1842இல் அபினிப் போர் முடிந்து ஹாங்காங் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் வணிகர்களும் அங்கே குடிபெயர்ந்தார்கள். டப்ளினில் நடந்தது மக்காவிலும் நடந்தது. இம்முறை சின்னரி ஊரை விட்டுப் போகவில்லை. 1846இல் ஹாங்காங்கில் சில மாதம் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அங்கே ஆங்கிலேயச் சட்டம் செல்லுபடியானது என்பதும், அவருக்கு 70 வயது கடந்திருந்தது என்பதும் காரணங்களாக இருக்கலாம். இதற்கிடையே 1844இல் பிரெஞ்சு அதிகாரி ஜூல் இத்தியே மக்காவில் டகேரோடைப் முறையில் புகைப்படங்கள் எடுத்திருந்தார். முகத்துக்குக் காசு கொடுப்பவர்கள் வேறு பக்கம் திரும்பும் காலம் நெருங்கியிருந்தது. 1852 மே 30 அன்று சின்னரி இறந்தார். மக்காவின் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடைசி நாட்களில் உடனிருந்தவர், அவரிடம் ஓவியமும் கற்ற மருத்துவர் தாமஸ் வாட்சன்.

சின்னரி தைல ஓவியங்களில் கையெழுத்திடுவது அரிது. ஆகவே சீனக் கரையில் எழுதப்பட்ட, ஓரளவு நேர்த்தியான எந்த ஐரோப்பிய முகமும் அவர் பெயரில் விற்கப்பட்டு வந்திருக்கிறது. லாம்க்வாவின் வேலையும், மற்றக் கான்டன் பட்டறைகளின் வேலையும், டாய்லி முதலான மாணவர்களின் வேலையும் இவற்றில் கலந்து கிடக்கின்றன. கோட்டோவியங்களில் இந்தக் குழப்பம் குறைவு. ஓரத்தில் குர்னி சுருக்கெழுத்தில் தேதியும், எந்த நிழல் எங்கே விழுகிறது என்ற குறிப்பும், இது சரி, இதைத் திருத்த வேண்டும் என்று தமக்குத் தாமே எழுதிக்கொண்டவையும் இருக்கும். அந்தச் சுருக்கெழுத்தைப் படிக்கக் கற்ற பிற்கால ஆய்வாளர்கள், எந்தக் காலையில் எந்தத் தெருமுனையில் அவர் நின்றார் என்பதுவரை பல படங்களுக்குக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏடுகள் இப்போது லண்டன், ஹாங்காங், மக்காவ், சேலம் அருங்காட்சியகங்களிலும் டோக்கியோவின் டோயோ பூங்கோ நூலகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. மதராஸில் எழுதிய கிர்க்பாட்ரிக் பிள்ளைகளின் படம், ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ஒரு வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது.